17 வயதில் கர்ப்பம்: ஐந்தாம் மாதம் வரை மருத்துவமனைக்கே செல்லாத பெண்ணை எப்படிப் பாதுகாப்பது?

கொன்றைப்பூ:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் வழி உறவில் உள்ள ஒரு பெண்ணுக்காக இதைக் கேட்கிறேன். அவளுக்கு 17 வயது. பத்தாம் வகுப்புடன் படிப்பு நின்றதும் தாய்மாமனுக்கே மணம் முடித்து வைத்துவிட்டார்கள். இப்போது ஐந்தாம் மாதம். வயது தெரிந்தால் காவல்துறைக்குச் செய்தி போகும் என்ற அச்சத்தில் இன்றுவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யவில்லை. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் நடக்கவில்லை. "பதினெட்டு முடிந்ததும் போய்க்கொள்ளலாம், அதற்குள் என்ன ஆகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவள் என்னைச் சித்தி என்று அழைப்பவள்; என்னிடம் தனியாகப் பேசும்போது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பாக இருக்கிறது என்கிறாள். குழந்தை வேண்டும் என்றும் சொல்கிறாள்.

இந்த வயதில் உண்மையான ஆபத்துகள் எவை, எவை வெறும் பயம், நான் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்:

சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணின் பெயர், ஊர், பள்ளி போன்ற அடையாளங்களை இங்கே எழுத வேண்டாம். இத்தகைய வழக்குகளில் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. பதிலளிப்பவர்களும் அவற்றைக் கேட்காதீர்கள்.

தாழை:

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் மகப்பேறுப் பிரிவில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நாளைக் காலை அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதிலிருந்து தொடங்குங்கள். படியேறும்போது மூச்சு வாங்குவதும் ஓயாத களைப்பும் கடுமையான இரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 6.3 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகியோ கருவுற்றோ இருந்தனர் என்றும், மாநிலத்தின் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவமனைகளில் நடந்தன என்றும் அது காட்டியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிரசவ வலி வந்தபின் மருத்துவமனைக்கு வராதவர்கள் இங்கே மிகக் குறைவு. அதற்கு முந்தைய மாதங்களில் வராமல் இருப்பவர்களைத்தான் நாங்கள் ஆபத்தான நிலையில் பார்க்கிறோம். வளரிளம் பெண்களில் அப்படி வருபவர்களின் பின்னால் பெரும்பாலும் மறைத்து வைக்கப்பட்ட மாதங்கள் இருக்கின்றன.

ஆபத்துகளைப் பற்றிச் சொல்கிறேன். 20 முதல் 24 வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால், 10 முதல் 19 வயதில் தாயாகிறவர்களுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பு வருவதும், பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமித்தொற்று ஏற்படுவதும், அது உடல் முழுவதும் பரவுவதும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுடைய குழந்தைகள் 37 வாரங்களுக்கு முன்பே பிறப்பதும், 2,500 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறப்பதும் அதிகம். தாயின் உடலே இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அவளுடைய வளர்ச்சிக்கும் தேவைப்படுகின்றன, கருவுக்கும் தேவைப்படுகின்றன. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினர் கருவுறுவதற்கு முன்பே இரத்தசோகையோடு இருக்கும்போது இந்தப் பற்றாக்குறை எங்கே போய் முடியும் என்பதை நீங்களே உணரலாம்.

இடுப்பெலும்பு பற்றிய பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். உயரம் வளர்வது நின்ற பிறகும் இடுப்பெலும்பு சில காலம் விரிவடைகிறது. ஆகவே 14, 15 வயதில் குழந்தையின் தலை இறங்க வழியில்லாமல் பிரசவம் தடைபடும் ஆபத்து கணிசமாக உண்டு. 17 வயதில் அது குறைவு. பதின்வயதினர் என்பதாலேயே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்ற நியதி இல்லை.

ஐந்தாம் மாதம் என்பதால் இரண்டு செய்திகள் அவசரமானவை. உறவுக்குள் நடந்த திருமணம் என்பதால் பிறவிக் குறைபாடுகளைப் பார்க்கும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. அது 18 முதல் 20 வாரங்களுக்குள் செய்யப்படுவது. அடுத்தது, இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1 கிராம் உயரும். 8 கிராமோடு ஐந்தாம் மாதம் வருகிறவளை 11 கிராமுக்குக் கொண்டுவர எனக்குக் காலம் இருக்கிறது. அதே 8 கிராமோடு ஒன்பதாம் மாதம் வருகிறவளுக்குப் பிரசவத்தில் சாதாரண அளவு இரத்தப்போக்கு ஏற்பட்டாலும் உயிருக்கு ஆபத்து. பதினெட்டு முடியட்டும் என்று காத்திருப்பதில் இழப்பது இந்தக் காலத்தைத்தான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை வேண்டும் என்று அவள் சொன்னபோது உடன் யார் இருந்தார்கள்? மருத்துவர் அவளிடம் தனியாக ஒருமுறை கேட்பது நல்லது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. அதற்கும் குறைந்த காலமே மிச்சம் இருக்கிறது. அவள் எதை முடிவு செய்தாலும் சரி, மருந்துக்கடையில் வாங்கித் தரும் கருக்கலைப்பு மாத்திரையை மட்டும் யாரும் கொடுத்துவிடக் கூடாது. ஐந்தாம் மாதத்தில் வீட்டில் வைத்து அதைக் கொடுப்பது அடங்காத இரத்தப்போக்கில் முடியும்.

பாலைநிலம்:

மருத்துவர் எழுதியதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன், நான் வழக்குரைஞர். இதில் மழுப்பலாக எதையும் சொல்வது அந்தப் பெண்ணுக்குத் தீங்காகும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்த எவரும் குழந்தையே; அவரோடு உடலுறவு கொள்வது குற்றம். திருமணம் நடந்திருப்பது இதில் விலக்கு ஆகாது. மனைவி 15 முதல் 18 வயதினளாக இருந்தால் கணவனுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த பழைய விலக்கை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் நீக்கியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 18 வயதையே வைத்திருக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்று போக்சோவின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அது மருத்துவரை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. சகோதரியே, உங்களையும் சேர்த்துத்தான். ஆகவே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் வழக்கு வராது என்ற கணக்கு சரியானதன்று. பிரசவத்தின் போதும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காகவும் வயது எப்படியும் பதிவாகும். இடைப்பட்ட மாதங்களில் சிகிச்சையை இழந்ததுதான் மிச்சமாக இருக்கும்.

அந்தப் பெண் குற்றவாளி அல்லள் என்பதை அவளுக்கும் அவளுடைய தாய்க்கும் முதலில் புரிய வையுங்கள். காவல்துறை கடிதம் கொண்டு வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது; போக்சோ விதிகள் 2020 இதைத் தெளிவாகத் தடுக்கின்றன. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடிச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவும் சொல்கிறது. பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ அவள் நம்புகிற ஒருவரோ உடனிருக்கலாம். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த நம்பிக்கைக்குரிய ஆளாக உடன் போவது.

கருக்கலைப்பை நாடும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அளிக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தெரிவிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. கர்ப்பத்தைத் தொடர்கிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்திவிட முடியாது. நேரடியாகக் காவல் நிலையம் செல்லத் தயக்கம் இருந்தால், 1098 குழந்தைகள் உதவி எண்ணில் பேசி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் துணையோடு அணுகுங்கள். குழந்தைகள் நலக் குழு அவளுக்கு ஒரு துணை நபரை நியமிக்கலாம். உணவு, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குச் சிறப்பு நிவாரணமும் பரிந்துரைக்கலாம்.

பிறக்கும் குழந்தையின் நிலை என்னவாகும் என்ற பயமும் குடும்பத்தில் இருக்கும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இன்படி, அந்தத் திருமணமே பின்னாளில் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டாலும், பிறந்த குழந்தைக்குச் சட்டப்படியான எல்லா உரிமைகளும் உண்டு.

பழையகுளம்:

எல்லோரும் அச்சுறுத்துவதாகவே தோன்றுகிறது. என் பாட்டி 15 வயதில் தலைப்பிள்ளையைப் பெற்றார்; மொத்தம் எட்டுப் பிள்ளைகள்; 90 வயது வரை வாழ்ந்தார். அன்று ஸ்கேனும் இல்லை, மாத்திரையும் இல்லை. இந்தப் பெண்ணுக்கு வழக்கும் காவல்துறையும் தரும் மன உளைச்சலே கர்ப்பத்துக்குப் பெரிய கேடு. குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறது, பெண்ணும் விரும்புகிறாள் என்றால் வீட்டிலேயே நல்ல உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டால் போதாதா?

ஆவாரம்பூ:

ஐயா, நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்கள் பாட்டி நலமாக வாழ்ந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தத் தலைமுறையில் பிழைத்தவர்கள் மட்டுமே பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இருந்தார்கள். நான் பணியில் சேர்ந்த காலத்தில், வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கப் போகும்போது "உங்களுக்கு எத்தனை பிரசவம்" என்று ஒரு கேள்வியும் "எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று ஒரு கேள்வியும் தனித்தனியாகக் கேட்போம். முதிய பெண்கள் பலரிடம் இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருந்ததில்லை. முதல் மனைவி பிரசவத்தில் இறந்து இரண்டாம் தாரமாக வந்தவர்கள் எத்தனை குடும்பங்களில் இருந்தார்கள் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள். 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியதும் 1978இல் அது 18 ஆனதும் இத்தகைய இழப்புகளைக் கண்டவர்கள் போராடியதன் விளைவு.

மன உளைச்சல் பற்றி நீங்கள் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அது உண்மையான கவலை. ஆனால் நல்ல உணவு கொடுத்தால் போதும் என்பதை ஏற்க முடியாது. இரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டுவதைச் சமையலறையில் அறிய முடியாது. கருவிகொண்டு அளந்தால்தான் தெரியும். முதல் கர்ப்பம், குறைந்த வயது ஆகிய இரண்டும் சேர்ந்த பெண்ணுக்கு இருபதாம் வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அழுத்தம் ஏறலாம். ஜன்னி என்று கிராமங்களில் சொல்லப்படும் வலிப்பு வந்த பிறகு பேயோட்டக் கூட்டிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பெண்ணுக்கு ஒரு வாரம் முன்பே அழுத்தம் அளந்திருந்தால் மாத்திரையோடும் மருத்துவமனைக் கண்காணிப்போடும் முடிந்திருக்கும்.

கொன்றைப்பூ அம்மா, உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரை முதலில் பாருங்கள். அவர் வீட்டுக்கே வருவார். பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கான நாள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி சிறப்பு மருத்துவர் பார்க்கும் ஏற்பாடும் 2016 முதல் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியில் பதிந்து, ஆர்.சி.எச். என்னும் தாய் சேய் நல அடையாள எண்ணும் கிடைத்துவிட்டால், அதன்பின் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவளுடைய விவரம் தொடர்ந்து வரும். வயதைக் கூட்டிச் சொல்லிப் பதிவு செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 17 வயது என்று அட்டையில் இருந்தால்தான் உயர் ஆபத்துக் கர்ப்பிணி என்று குறித்து அடிக்கடி பார்ப்பார்கள். 20 என்று எழுதிவிட்டால் அந்தக் கவனிப்பு அவளுக்குக் கிடைக்காது.

ஒரு வருத்தத்தையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது. ஆனால் 19 வயது நிறைந்தவர்களுக்குத்தான். இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஊட்டச்சத்து மிகவும் தேவைப்படுகிற பெண்ணுக்கே அது இல்லாமல் போவதை என்னால் ஏற்க இயலவில்லை. பணத்தை நிறுத்தினாலும் பெட்டகத்தையாவது தரலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவுக்கு இந்தத் தடை இல்லை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கொன்றைப்பூ:

எல்லோருக்கும் நன்றி. 1098இல் பேசினோம். இன்று அவளுடைய தாயும் நானும் உடன் சென்று அரசு மருத்துவமனையில் காட்டினோம். பெண் மருத்துவர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாக நெடுநேரம் பேசினார். கர்ப்பத்தைத் தொடர்வதே தன் விருப்பம் என்று அவரிடமும் கூறியிருக்கிறாள். மருத்துவமனையிலிருந்து முறைப்படி தகவல் கொடுத்தார்கள்; குழந்தைகள் நலக் குழு முன்பு அடுத்த வாரம் செல்ல வேண்டும். வீட்டில் பெரிய சண்டை. ஆனால் அவளுடைய தாய் உறுதியாக நிற்கிறார்.

ஹீமோகுளோபின் 7.8 கிராம். இரத்த அழுத்தம் 110/70. ஸ்கேனில் குழந்தை நலமாக இருக்கிறது, 20 வாரங்கள் ஆகின்றன என்றார்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலைப் பி பரிசோதனைகளுக்கும் இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரைகள் தந்திருக்கிறார்கள், ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்றலாமா என்று அடுத்த முறை முடிவு செய்வதாகச் சொன்னார்கள். அவளுக்கோ மாத்திரை சாப்பிட்டதும் குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறாள். மாமியார் வீட்டில், நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிதாகிவிடும், பிறகு வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும் என்று சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

ஆவாரம்பூ:

நல்லது செய்தீர்கள் அம்மா. தாய் உறுதியாக நிற்பது அவளுக்குப் பெரிய பலம்.

சோற்றைக் குறைக்கச் சொல்வதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கர்ப்பிணி பட்டினி கிடந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். குறைமாதத்தில் பிறக்கவும் கூடும். அவளுடைய இடுப்பு அதனால் அகலமாகிவிடாது. சராசரி எடையுள்ள பெண் ஒன்பது மாதங்களில் 10 முதல் 12 கிலோ வரை கூட வேண்டும். மெலிந்தவளாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடலாம். ஒவ்வொரு முறையும் எடையைக் குறித்து, அந்தத் தாளை மாமியாரிடமே காட்டுங்கள்.

மாத்திரையைப் பற்றி: மலம் கறுப்பது இரும்புச் சத்தால் வருவது, கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு உணவுக்குப் பிறகு, படுக்கைக்குப் போகும் முன் சாப்பிடச் சொல்லுங்கள். தேநீர், காபி, பால் ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு உடலில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை இதோடு ஒரே வேளையில் கொடுக்கவே கூடாது. காலையிலும் மதியமும் கால்சியம், இரவில் இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடற்புழு மாத்திரை தந்தார்களா என்று கேளுங்கள். மலையோர ஊர்களில் செருப்பில்லாமல் வயலுக்குப் போகும் பெண்களுக்குக் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது எத்தனை மாத்திரை கொடுத்தும் அளவு ஏறாது.

உணவு என்று பார்த்தால் விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் உங்கள் பகுதியில் தாராளம். தினமும் ஒரு முட்டை, கிடைக்கும் நாட்களில் நெத்திலியோ ஈரலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், இவை போதும். ஆனால் 7.8 கிராமை உணவால் மட்டும் உயர்த்த முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். கீரை சாப்பிடுகிறாளே என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இந்தியாவின் திட்டப்படி பிரசவத்துக்கு முன் 180 நாள், பின் 180 நாள் மாத்திரை உண்டு. சோகை உள்ளவளுக்கு மருத்துவர் அளவைக் கூட்டித் தருவார்.

மருதாணி:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் 17 வயதில் தாயானவள். என் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

சத்து, ஸ்கேன், மாத்திரை எல்லாம் இங்கே விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவளோடு யாராவது பேசுகிறார்களா என்பதையும் பாருங்கள் அக்கா. நான் கருவுற்றிருந்தபோது என்னைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள் இருந்தார்கள். என்னிடம் எதையும் கேட்டவர் ஒருவரும் இல்லை. நான் போன மருத்துவமனை ஒன்றில் ஒரு பணியாளர் எல்லோர் முன்னிலையிலும் என் வயதைச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்தாலே வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாசலுக்குக் கூட்டிப்போக ஒருவர் இருந்திருந்தால் நான் தொடர்ந்து போயிருப்பேன்.

மகன் பிறந்தபின் பல வாரங்கள் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை. திமிர் என்றார்கள். அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றும், இளவயதுத் தாய்மார்களுக்கு அது கூடுதலாக வரும் என்றும் பின்னாளில் ஒரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் எதுவும் இருந்தால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அவளுடைய கைப்பேசியிலேயே பதிந்து கொடுங்கள். உங்கள் கைப்பேசியில் இருந்தால் பயனில்லை.

தாழை:

மருதாணி எழுதியதை ஒவ்வொரு மகப்பேறுப் பிரிவிலும் படித்துக்காட்ட வேண்டும். ஒரு பெண்ணை ஒருமுறை அவமானப்படுத்தினால் அவளுடைய அடுத்த பரிசோதனைகள் அத்தனையையும் நாம் இழக்கிறோம்.

கொன்றைப்பூ, 20ஆம் வாரத்தில் அழுத்தம் 110/70 என்று பதிவானது மிகப் பயனுள்ளது. பின்னாளில் 130/85 என்று வந்தால், அது அவளுக்கு எவ்வளவு ஏற்றம் என்று ஒப்பிட எங்களுக்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது எட்டு முறை பார்க்கச் சொல்கிறது. ஐந்து மாதம் கடந்து வந்தவள் என்பதால் இனி மாதம் ஒருமுறை, ஏழாம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி மாதத்தில் வாரந்தோறும் என்று நான் அழைப்பேன். ஒவ்வொரு முறையும் எடை, அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள். ரணஜன்னித் தடுப்பூசி இரண்டு தவணையும் நான்கு வார இடைவெளியில் முடிந்திருக்க வேண்டும்.

எந்த அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது என்பதை அவளும் அவளுடைய தாயும் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும். மாத்திரை போட்டும் தீராத தலைவலி, கண் மங்குவது அல்லது மின்னுவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவை அழுத்தம் ஏறிவிட்டதைக் காட்டுபவை. இரவு எத்தனை மணியானாலும் 108ஐ அழைக்க வேண்டும். சிறிதளவு இரத்தக் கசிவு, பனிக்குட நீர் உடைவது, 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வயிற்றிறுக்கம், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, குளிர் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது ஆகியவற்றுக்கும் அன்றே வர வேண்டும். சிறுநீர்த் தொற்று சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் இந்த வயதில் குறைமாதப் பிரசவத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம், அதைத் தடுப்பதும் எளிது.

பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரவு பகலாக அறுவை அரங்கும் இரத்த வங்கியும் குழந்தைகளுக்கான தீவிரக் கவனிப்புப் பிரிவும் உள்ள சீமாங் மையம் எது என்று இப்போதே கேட்டு வையுங்கள். அவளுடைய இரத்த வகையைச் சேர்ந்த உறவினர் யார் என்றும் தெரிந்திருக்கட்டும். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உள்ளே இருக்கலாம். அவளுடைய தாயோ நீங்களோ இருங்கள்.

பழையகுளம்:

ஒன்றைக் கேட்கிறேன். குழந்தை பிறந்த பிறகு ஆபத்து முடிந்தது என்று கொள்ளலாமா?

தாழை:

இல்லை ஐயா. அதிக இரத்தப்போக்கு முதல் 24 மணி நேரத்தில் வருவது. வலிப்பு பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு நாட்களில் வரக்கூடியது, சிலருக்கு அதற்குப் பின்னும் வரும். காய்ச்சலும் நாற்றமுள்ள கசிவும் கருப்பைத் தொற்றின் அடையாளம். ஆகவே சுகப்பிரசவம் என்றால்கூட 48 மணி நேரத்துக்கு முன் வீட்டுக்கு அழைத்துப் போக அவசரப்படக் கூடாது.

நான் இன்னும் அதிகமாகக் கவலைப்படுவது அடுத்த கர்ப்பத்தைப் பற்றி. 17 வயதில் ஒரு பிரசவம், அடுத்த ஆண்டே இன்னொன்று என்றால் இரத்தமும் எலும்பும் தேறுவதற்குள் மீண்டும் சுமை ஏறுகிறது. ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைக் கருப்பையில் பொருத்திக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும், முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிடும் சாயா கருத்தடை மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாலூட்டும் தாய்க்கு எது எப்போது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். வலி தொடங்கிய பிறகு இதைப் பேசக் கூடாது. ஏழாம், எட்டாம் மாதத்திலேயே அவளிடம் விளக்கி, அவளே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொன்றைப்பூ:

நேற்றுப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.1 ஆகியிருக்கிறது, இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றியிருந்தார்கள். எடையும் கூடியிருக்கிறது. குழந்தைகள் நலக் குழு அவளைத் தாய் வீட்டில் இருக்க அனுமதித்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரையாவது படிக்க வேண்டும் என்று குழுவில் அவளே கேட்டாளாம். அதற்கான வழியைத் துணை நபர் விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். இனி அவள் வேறு வட்டத்தில் உள்ள தாய் வீட்டுக்கு நிரந்தரமாகப் போகிறாள். அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

ஆவாரம்பூ:

வேண்டாம் அம்மா. ஆர்.சி.எச். எண் அதேதான், புதிய எண் போட்டுவிட்டால் பழைய பதிவுகள் அவளோடு வராமல் போகும், எனவே புதிதாகப் பதிய விடாதீர்கள். போவதற்கு முன் இந்த ஊர்ச் செவிலியரிடம் சொல்லி, அந்த ஊர்ச் செவிலியருக்குத் தொலைபேசியில் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் அனைத்தையும் ஒரே பையில் வைத்து அவள் கையிலேயே கொடுங்கள். மாத்திரை ஒரு மாதத்துக்கு மிஞ்சும்படி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊர் மாறும் இந்த வாரங்களில்தான் பலருக்கு மாத்திரை விட்டுப்போகிறது. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள சுகாதார நிலையத்தில் ஒருமுறை அழுத்தம் பார்த்துவிடட்டும். அந்த வீட்டிலிருந்து சீமாங் மையம் எவ்வளவு தொலைவு, இரவில் வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்பதை விசாரித்து இங்கே எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் கடைசி இரண்டு வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்போம்.